சிவப்பு வேணாம்னு சொன்னவள்

மர்பி டவுனில் ஜோவிதாவைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவள் வீட்டுக்காரர் கிளெமென்டைத் தெரியாதவர்கள் கிடையாது. தண்ணி டேங்கர் ஓட்டினவர். கோடைக்காலத்தில் எந்தச் சந்தில் வண்டியை நிறுத்தினாலும், குடத்தோடு வந்து நிற்கிற பொம்பளைகளை ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் குழாயைத் திறப்பார். கோயில் பக்கம் மட்டும் வரமாட்டார். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் மாதா திருவிழாவில் தேர் தூக்க வந்தவரை, குடித்திருக்கிறார் என்று அப்போதிருந்த பங்குச் சாமியார் தோளைப் பிடித்து விலக்கிவிட்டார். குடித்திருந்தது உண்மைதான். ஆனால் ஊரே பார்க்க விலக்கியது அவருக்கு ஆறவே இல்லை. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமையானால் ஜோவிதாவைக் கொண்டுவந்து கோயில் கேட்டில் இறக்கிவிடுவார், பூசை முடிகிறவரைக்கும் எதிர் டீக்கடையில் நிற்பார்.

"உள்ளே வந்தா சாமி கடிச்சிடுமா?" என்பாள் அவள்.

"சாமி கடிக்காது. சாமியார்தான் கடிப்பாரு."

அப்படிச் சொல்கிற மனுஷனுக்கு உள்ளே ஒரு பயம் இருந்தது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஜோ, நான் போறதுக்கு முன்னாடி ஒரு ஃபாதரைக் கூப்பிட்டுடு. ஒரு விஷயத்தைச் சொல்லி இறக்கி வைக்கணும்."

"என்ன விஷயம்?"

"உன்கிட்ட சொல்ற விஷயம் இல்லை அது. ஃபாதர்கிட்டதான் சொல்லணும்." ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "ஆனா சும்மா ஜுரம் வந்ததுக்கெல்லாம் கூப்பிட்டு வச்சிடாதே. எண்ணெய்க் குப்பியோட ஃபாதரைப் பார்த்தாலே எனக்கு உயிர் போயிடும்" என்றார்.

நம் ஜனங்களுக்கு இந்தப் பயம் உண்டு. நோயாளிக்கு எண்ணெய் பூசுகிறது அவன் குணமாகத்தான், சாகிறதுக்கு இல்லை என்று எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். இருந்தாலும் எண்ணெயோடு ஃபாதர் ஒரு வீட்டுப் படி ஏறினால், அந்த வீட்டு ஆள் முடிந்தது என்றுதான் தெருவே பேசும். அதனால் கடைசி வரைக்கும் தள்ளிப் போடுவார்கள். ஜோவிதாவும் அந்த வழக்கத்தில் வளர்ந்தவள்தானே. "சரிங்க, சமயம் பார்த்துக் கூப்பிடுறேன்" என்று வாக்குக் கொடுத்தாள். சமயத்தைப் பார்க்கத் தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் வேலை. கான்ட்ராக்டர் மூலமாகக் கிடைத்தது. பக்கத்து அல்சூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். ஆபீஸ் பிள்ளைகள் கம்பெனி வண்டியில் மேம்பாலத்து மேலே பறப்பார்கள், இவள் பஸ் கீழே சிக்னல் சிக்னலாக நின்று போகும். காலையில் தரை துடைப்பாள், கண்ணாடிச் சுவர்களில் கை ரேகைகளை அழிப்பாள், பதினொரு மணிக்குப் பான்ட்ரியில் கப்புகளைக் கழுவி வைப்பாள்.

அந்த ஆபீஸில் ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு ஆப் செய்தார்கள். ஐ.சி.யூ.வில் ஆளைப் படுக்க வைத்துவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கிற குடும்பத்துக்கு, உள்ளே அவர் எப்படி இருக்கிறார் என்று போனில் காட்டுகிற ஆப். ஒரு நாள் அதைச் செய்கிறவர்களில் ஒருத்தியான வீணா பான்ட்ரிக்கு வந்தாள். கன்னடக்காரப் பெண், தமிழும் நன்றாகப் பேசுவாள்.

"ஆன்ட்டி, சொல்ப டைம் இருக்கா? அரை மணி நேரம் வந்து உட்காரணும். ஆப்பைப் பார்க்கணும், அவ்வளவுதான். உங்களை மாதிரி ஆளுங்கதான் எங்களுக்கு வேணும்."

"எனக்கு இங்கிலீஷ் வராதும்மா."

"தமிழ்லயே இருக்கு. உங்க முகத்தை கேமரா பார்க்கும். எங்கே பயப்படுறீங்க, எங்கே நிம்மதி ஆகுறீங்கன்னு நாங்க தெரிஞ்சுக்குவோம். இதுக்குப் பேர் எமோஷனல் டிசைன். ஆப் வேலை செஞ்சா மட்டும் போதாது, பாக்குறவங்க மனசுக்கு இதமா இருக்கணும்."

கூட வேலை செய்கிற யூனிஸ் கப்பைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "உன் மூஞ்சியைப் படம் பிடிச்சு என்னடி பண்ணப் போறாங்க? திருஷ்டிக்கு வாசல்ல மாட்டவா?"

கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார்கள். வீட்டில் யாராவது ஐ.சி.யூ.வில் இருக்கிற மாதிரி நினைத்துக்கொள்ளச் சொன்னாள் வீணா. ஜோவிதா வேறு யாரை நினைப்பாள், கிளெமென்டைத்தான் நினைத்தாள். போனில் பச்சை வந்தது, தேறி வருகிறார் என்று. மஞ்சள் வந்தது, அப்படியே இருக்கிறார் என்று. அப்புறம் சிவப்பு. 'அபாயம்' என்று பெரிய எழுத்தில். அவள் கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். வீணா பதறிப்போய் போனை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"ரொம்ப சாரி ஆன்ட்டி. எப்படி இருந்தா உங்களுக்குப் பயம் வராது? நீங்களே சொல்லுங்க."

ஜோவிதாவிடம் ஒருத்தர் நீங்களே சொல்லுங்க என்று கேட்டது அந்த ஆபீஸில் அதுதான் முதல் தடவை. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"சிவப்பு வேணாம்மா. எனக்கு நீலம் பார்த்தா மனசு அடங்கும். மாதாவோட நீலம். அந்த அபாயம்ங்கிற வார்த்தையும் வேணாம். பக்கத்துல ஆள் இருக்காங்கன்னு சொன்னா தைரியமா இருக்கும்."

வீணா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். போகும்போது ஒரு டப்பா முந்திரி பிஸ்கட் கொடுத்தாள். கிளெமென்ட் அதைத் தின்றுகொண்டே, "உன் அழுகைக்கு நல்ல ரேட் போட்டிருக்காங்க" என்றார். அவளும் சிரித்தாள். அதோடு அதை மறந்தும் போனாள். தரை துடைக்கிறவள் பேச்சைக் கேட்டு இத்தனை பெரிய படிப்புப் படித்தவர்கள் எதையாவது மாற்றுவார்களா என்ன.

நாலு மாசம் கழித்து கிளெமென்டுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் மாத்திரை போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினார். மூன்றாம் நாள் டேங்கர் படியில் ஏற முடியாமல் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். ஜோவிதாவின் இ.எஸ்.ஐ. அட்டை செல்லுபடியாகிற தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தார்கள். நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது, கிருமி ரத்தத்தில் கலந்திருக்கிறது என்று சொல்லி, செவ்வாய்க்கிழமை ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள். கீழே கவுன்டரில் இருந்த பையன் அவள் போனை வாங்கி ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்தான். "மேலே வந்து வந்து கேட்க வேணாம்மா, எல்லாம் இதுலயே வரும்."

பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, தன் ஆபீஸ் ஆப் என்று. அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. தெரிந்த இடத்தில் வந்து விழுந்திருக்கிறோம் என்று ஆண்டவருக்கு நன்றி சொன்னாள்.

அவள் கணக்கு ஒன்றுதான். சிவப்பு வந்தால் ஃபாதரைக் கூப்பிட வேண்டும். அதற்கு முன்னால் கூப்பிட்டு அவரைப் பயமுறுத்தக் கூடாது. பங்குத் தந்தை ஆம்ப்ரோஸ் நல்ல மனுஷர், போன வருஷம்தான் மாற்றலாகி வந்தவர். பழைய தேர்ச் சண்டை எதுவும் அவருக்குத் தெரியாது. விஷயம் கேள்விப்பட்டு அவரே போன் பண்ணினார். "எப்போ வேணும்னாலும் கூப்பிடுங்கம்மா, ஸ்கூட்டரை எடுத்துட்டு வந்துடுறேன்" என்றார். "சமயம் வந்தா சொல்றேன் ஃபாதர்" என்றாள் இவள்.

புதனும் வியாழனும் மஞ்சளே இருந்தது. சாயங்காலம் ஐந்து நிமிஷம் உள்ளே விடுவார்கள். வியாழக்கிழமை அவர் மூக்கும் வாயும் மூடின மாஸ்க்கை ஒரு விரலால் தூக்கிக்கொண்டு கேட்டார்.

"ஃபாதரைக் கூப்பிடுற நேரமா ஜோ?"

"அதெல்லாம் இல்லீங்க. போன்லயே காட்டுது, மஞ்சள்தான்."

"மஞ்சள்னா வண்டியை நிறுத்தணும்டி. உனக்கு எங்கே தெரியப் போகுது."

சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து நர்ஸ் சுனிதா ஓடி வந்து மாஸ்க்கை இறக்கி, ஜோவிதாவை வெளியே போகச் சொன்னாள். இவள் கதவு வரைக்கும் வந்து திரும்பிப் பார்த்தாள். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. கீழே ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். மடியில் இருந்த போன் லேசாக அதிர்ந்தது. மஞ்சள் போயிருந்தது. திரை முழுக்க நீலம். அதுவும் மின்னுகிற நீலம் இல்லை, விடிகாலை வானத்து நீலம். நடுவில் ஒரு வெளிச்சம், தூங்குகிற குழந்தையின் நெஞ்சு மாதிரி மெதுவாக ஏறி இறங்கியது. கீழே எழுதியிருந்தது. 'டாக்டர்கள் அவர் பக்கத்திலேயே இருக்கிறார்கள். நீங்கள் தைரியமாக இருங்கள்.' அதற்கும் கீழே 'சரி' என்று ஒரு பட்டன்.

நாலு நாளாகக் கட்டியிருந்த ஏதோ ஒன்று அவள் நெஞ்சில் அவிழ்ந்தது. மாதாவே, கேட்டுவிட்டாயே என்றாள். சரி என்பதை அழுத்தினாள். கையைத் தட்டிக் கொடுக்கிற மாதிரி போன் மெல்ல ஒரு தடவை அசைந்து அடங்கியது.

கால் மணி நேரத்தில் ஃபாதர் கூப்பிட்டார். "நான் அல்சூர்லதாம்மா இருக்கேன். எண்ணெயும் கையிலதான் இருக்கு. ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போகட்டுமா? பத்து நிமிஷம்."

"வேணாம் ஃபாதர். இப்போ தேறிட்டு வர்றாரு. உங்களைப் பார்த்தா பயந்துடுவாரு. வார்டுக்கு மாத்தினதும் ஞாயிற்றுக்கிழமை வாங்க, நிதானமா பேசட்டும்."

"நிச்சயமா?"

"நிச்சயமா ஃபாதர். இப்பத்தான் பார்த்தேன்."

அவள் எழுந்து ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனாள். வார்டுக்கு மாற்றினால் ஆஸ்பத்திரி அங்கியில் கிடக்க மாட்டார், சட்டை கேட்பார். குளித்தாள். இரண்டு கவளம் சாப்பிட்டாள், நாலு நாளில் முதல் தடவையாக ருசி தெரிந்து. கோடு போட்ட சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள். காலரைத் திருப்பிப் போடும்போது போன் வந்தது. நர்ஸ் சுனிதா. உடனே வரச் சொன்னாள். எதற்கு என்று சொல்லவில்லை.

இவள் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"பதினொரு மணியிலேர்ந்தே இறங்கிட்டு இருந்தாரும்மா. ஆப்ல போட்டோமே. நீங்களும் சரி கொடுத்திருந்தீங்க. குடும்பத்துக்குத் தெரிஞ்சாச்சுன்னு எங்களுக்கு டிக் வந்துச்சு. இருந்தும் ஏன் வரலைன்னுதான் நான் போன் பண்ணேன்."

"என்ன போட்டீங்க? நீலம்தானே வந்துச்சு."

"நீலம்னா கிரிட்டிக்கல்மா."

சுனிதா நல்ல பெண்தான், ஆறுதல் சொல்ல வேண்டும் என்றுதான் அடுத்ததைச் சொல்லியிருப்பாள். "கஷ்டப்படலைம்மா. ரெண்டு மூணு தடவை கண்ணைத் திறந்து கதவைப் பார்த்தாரு, அவ்வளவுதான்."

ஃபாதர் ஆம்ப்ரோஸ் ஹெல்மெட்டைக் கழற்றாமலே மூன்று மாடி ஏறி வந்தார். இறந்தவருக்கு எண்ணெய் பூசுகிற முறை இல்லை. தலைமாட்டில் முழந்தாளிட்டு ஜெபம் சொன்னார். அப்புறம் அவளை வராண்டாவில் உட்கார வைத்துச் சொன்னார். "ஆண்டவரோட இரக்கம் இந்தக் குப்பிக்குள்ள மட்டும் இல்லைம்மா. அவர் மனசுல நினைச்சிருந்தாலே போதும். ஆண்டவர் கேட்டிருப்பார்."

"உங்களுக்கு அது தெரியும் ஃபாதர். அவருக்குத் தெரியாதே. நான் கூப்பிடலைன்னு நினைச்சுக்கிட்டே போயிருப்பாரே."

ஃபாதர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கிளெமென்ட் இறக்கி வைக்க நினைத்தது என்ன என்று ஜோவிதா ஒரு நாளும் துருவிப் பார்க்கவில்லை. அவளுக்கு அது வேண்டாம். பத்தொன்பது வருஷம் கோயில் கேட்டுக்கு எதிரே நின்றவர், அந்தச் சுமையோடேயே போய்விட்டார். பத்து நிமிஷ தூரத்தில் எண்ணெயோடு நின்ற சாமியாரைத் தன் வாயால் வேண்டாம் என்றோமே, அது ஒன்றுதான் அவளைத் தின்றது.

பதினொன்றாம் நாள் வேலைக்குப் போனாள். போகாமல் என்ன செய்ய. வீணா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். உண்மையாகத்தான் அழுதாள். ஜோவிதா அவளை விலக்கி நிறுத்திக் கேட்டாள். "அந்த நீலத்தை எதுக்கும்மா வச்சீங்க?"

வீணாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும் முகம் வெளுத்துப் போயிற்று. "ஆன்ட்டி... நீங்கதானே சிவப்பு வேணாம்னீங்க."

"வேணாம்னேன். சிவப்பு இருந்த இடத்துலயே கொண்டுபோய் நீலத்தை வைப்பீங்கன்னு நினைக்கலையே. நல்லதுக்கு வைப்பீங்கன்னு நினைச்சேன்."

வீணா அவளை பத்ரிநாத்திடம் அழைத்துப் போனாள். அவர்தான் அங்கே பெரியவர். எழுந்து நின்று கை கூப்பினார், நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"சிவப்பு இருந்தப்போ என்ன ஆச்சுன்னா, குடும்பமே ஓடி வந்து ஐ.சி.யூ. கதவைத் தட்டும். அழுகை, கூச்சல், டாக்டர் சட்டையைப் பிடிக்கிறது. இப்போ அதெல்லாம் பாதிக்குப் பாதி குறைஞ்சிருக்கு. ஆஸ்பத்திரிக்காரங்க ரொம்ப சந்தோஷப்படுறாங்கம்மா."

"ஓடி வரத்தானே சார் சொல்லணும்?"

அவர் வீணாவைப் பார்த்தார். "நாப்பது பேரை உட்கார வச்சுப் பார்த்துத்தான் முடிவு பண்ணோம். நாப்பது பேருக்கும் நீலம்தான் நிம்மதியா இருந்துச்சு."

"அந்த நாப்பது பேர்ல யாரோட ஆளாவது நிஜமாவே உள்ளே படுத்திருந்தாரா சார்?"

பத்ரிநாத் பேனாவை மூடித் திறந்தார். அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம் என்றார். அப்புறம், கோபித்துக்கொள்ளக் கூடாது, நடந்ததை எல்லாம் கேமரா முன்னால் ஒரு தடவை சொன்னால் டீமுக்கு உதவியாக இருக்கும் என்றார்.

அதையும் செய்தாள் ஜோவிதா. இன்னொரு வீட்டுக்காரிக்காவது உபயோகப்படட்டும் என்று, அதே கண்ணாடி அறையில் உட்கார்ந்து, சட்டைக்கு இஸ்திரி போட்டதுவரைக்கும் சொன்னாள். கேட்ட பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இந்தத் தடவை பிஸ்கட் டப்பாவை அவள் வாங்கவில்லை. இரண்டு மாசம் கழித்து வீணா போனில் காட்டினாள். நீலம் நீலமாகவே இருந்தது. கீழே 'மேலும் அறிய' என்று ஒரு பொடி எழுத்து. அதைத் தொட்டால் உள்ளே இன்னொரு பக்கத்தில் 'நிலைமை கவலைக்கிடம்' என்று இருந்தது.

"என்னால இவ்வளவுதான் முடிஞ்சுது ஆன்ட்டி" என்றாள் வீணா.

"உன்னைச் சொல்லி என்னம்மா" என்றாள் ஜோவிதா. மனசுக்குள் அப்படிச் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் அதையும் ஃபாதர் ஆம்ப்ரோஸிடம் சொல்லி அழுதாள். மன்னிக்க மனசு வரவில்லை, வீணாவையும் இல்லை, தன்னையும் இல்லை என்றாள்.

வாரத்துக்கு ஒரு நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், வேலை முடிந்து அந்த ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தாள். கீழே ஹாலில் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுப்பாள். நீலம் வந்தால் உட்காராதீர்கள், மேலே ஓடுங்கள், கதவைத் தட்டுங்கள் என்பாள். சில பேர் தலையாட்டுவார்கள். சில பேர், ஏதோ மனசு சரியில்லாத பொம்பளை என்று நாற்காலி மாறி உட்காருவார்கள்.

போன வெள்ளிக்கிழமை ஒரு பெண், இவள் வயசுதான் இருக்கும், ஒக்கலிபுரத்துக்காரி, பெயர் யசோதா என்றாள். தனியாக உட்கார்ந்திருந்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் போன் அதிர்ந்தது. யசோதா பார்த்தாள். அவள் முகம் அப்படியே தளர்ந்து, தோள் இறங்கி, ஒரு பெருமூச்சு வந்தது. ஜோவிதா எட்டிப் பார்த்தாள். விடிகாலை வானத்து நீலம்.

"அம்மா, எழுந்திருங்க. மேலே போங்க. இப்பவே போங்க."

"எதுக்கு? டாக்டருங்க பக்கத்துலயே இருக்காங்கன்னு போட்டிருக்கு பாருங்க."

"அது நல்லதுக்கு இல்லைம்மா. நான் பட்டவ சொல்றேன். கீழே பொடி எழுத்து இருக்கும், அதைத் தொடுங்க."

யசோதா போனை மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஏங்க, அஞ்சு நாளா எனக்குத் தூக்கம் இல்லை. இப்பத்தான் மனசு ஒரு நிலைக்கு வந்திருக்கு. வந்து அபசகுனம் பேசுறீங்களே, நீங்க யாரு?"

ஜோவிதா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்திருக்கக் கூடாது. யசோதா சத்தம் போட்டாள். செக்யூரிட்டி வந்தான். போன வாரமே சொன்னேன் இல்லையா, பேஷன்ட் ஆளுங்களைப் பெஜார் பண்ணாதீங்கன்னு, என்று கன்னடமும் தமிழுமாகத் திட்டிக்கொண்டே தோளைப் பிடித்து கேட் வரைக்கும் நடத்திக்கொண்டு போனான். எல்லாரும் பார்த்தார்கள். கேட்டில் நின்று அவள் கெஞ்சினாள். "அண்ணா, என்னை உள்ளே விடவேண்டாம். மேலே போன் பண்ணி அந்தம்மாவைக் கூப்பிடச் சொல்லுங்க, போதும்." அவன் காதில் வாங்கவில்லை.

கேட்டுக் கம்பிக்குள்ளே ஹாலின் கண்ணாடி தெரிந்தது. யசோதா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். மடியில் போன்.

உள்ளே கிடக்கிற ஆளின் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டோமே என்று அப்போதுதான் ஜோவிதாவுக்கு உறைத்தது. நடைபாதையில் அப்படியே நின்று, பெயர் தெரியாத அந்த மனுஷனுக்காக ஜெபமாலையை எடுத்தாள்.